கடலைக்காட்டின் மேல் ஒரு டகோட்டா

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது, பறக்கிற ஏரோப்பிளேனைப் போட்டோ பிடிப்பதற்காக நானும் அத்தையும் சேர்ந்து அப்பாவின் பிலிமில் ஏழு படங்களைத் திருடினோம். சுருளில் இருந்ததே மொத்தம் எட்டுதான்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. வயது பதினேழு. பீளமேட்டுக்குக் கிழக்கே, அப்பா ஃபிட்டராக இருந்த மில்லையும் தாண்டி, ஒரு கடலைக்காட்டின் ஓரத்தில் எங்கள் வீடு. காட்டுக்கு அந்தப் பக்கம் விமான நிலையம். காலை பத்தரை மணி சுமாருக்கு டகோட்டா விமானம் ஒன்று கிளம்பி, எங்கள் ஓட்டுக்கூரையைத் தடதடக்க வைத்துவிட்டு மேலே போகும். ஊரில் யாரும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அத்தை மட்டும் பார்ப்பாள்.

முந்தின வருஷம் பள்ளி இறுதித் தேர்வில் அத்தை கணக்கில் முதலாவதாக வந்திருந்தாள். காலேஜில் சேர வேண்டும் என்றாள். அப்பா ஆகாது என்று சொல்லிவிட்டார். படிக்க வைத்தால் அதற்குமேல் படித்த மாப்பிள்ளைக்கு எங்கே போவது என்பது அவர் கவலை. அன்றிலிருந்து அத்தை அவரோடு நேரே பேசுவதை நிறுத்திவிட்டாள். மற்றபடி மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. தட்டு வைப்பாள், தண்ணீர் மொண்டு வைப்பாள். ஆனால் சொல்லெல்லாம் என் வழியாகத்தான் போக வேண்டும். அப்பா மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போதே, “உங்கப்பாவுக்கு ரசம் வேணுமான்னு கேளு கண்ணு” என்பாள். நான் கேட்பேன். அப்பா என்னிடம் வேண்டும் என்பார். பதினோரு மாதம் இப்படியே ஓடியது.

தம்பிக்குக் காரமடைக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துவதாக வைகாசியில் நாள் குறித்தார்கள். அப்பாவிடம் ஒரு பாக்ஸ் கேமரா இருந்தது. மில்லில் இருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. அப்பா அதற்கு ஒரு பிலிம் வாங்கி, கடைக்காரர் கையாலேயே உள்ளே போட வைத்து, மூன்று வாரம் முன்னதாகவே கொண்டுவந்து பீரோமேல் வைத்தார். யாரும் தொடக்கூடாது என்று என்னிடம் சொன்னார். அத்தைக்குச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் விடுமுறை. அப்பா மில்லுக்குப் போனபின், அம்மா தம்பியைத் தூங்க வைக்கும் நேரத்தில், அத்தை கேமராவை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு காட்டுக்கு வந்தாள். “ஒண்ணே ஒண்ணு” என்றாள். பிளேன் என்ன வேகத்தில் வருகிறது, எத்தனை தூரம் முன்னாலேயே அமுக்க வேண்டும் என்று பழைய நோட்டில் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கணக்கு சரியாக இருந்தால் பிளேன் பெட்டிக்குள் விழுந்துதான் ஆக வேண்டும் என்பது அவள் கட்சி.

என் வேலை கிணற்று மேட்டில் நின்று, டகோட்டா தரையை விட்டதும் “ஏறுது” என்று கத்துவது. கத்தினேன். அந்தக் கேமராவைக் கண்ணுக்கு நேரே பிடிக்க முடியாது. வயிற்றோடு சேர்த்து வைத்து, மேலே பதித்திருக்கும் சின்னக் கண்ணாடியைக் குனிந்து பார்க்க வேண்டும். அந்தக் கண்ணாடியில் எல்லாம் இடவலம் மாறித் தெரியும். வானத்தில் பிளேன் இடப்பக்கம் போனால் கண்ணாடியில் வலப்பக்கம் போகிறது. அத்தை கண்ணாடியை நம்பித் திரும்பினாள். பிளேன் தலைக்கு மேல் இரைந்து போனபோது அவள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக் கூரையைப் படம் எடுத்திருந்தாள்.

கூரைக்கு ஒன்று போனதால், பிளேனுக்கு ஒன்று இன்னும் பாக்கி இருப்பதாக ஆயிற்று. இரண்டாவதில் அவசரப்பட்டு முன்னாலேயே அமுக்கிவிட்டாள். மூன்றாவதில் சூரியன் குறுக்கே வந்தது. நான்காவதை நான் கெடுத்தேன். “இப்போ, இப்போ” என்று ஓடிப்போய் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். ஒவ்வொரு முறையும் எடுத்தபின் பிலிமைச் சுற்றினால், கேமராவின் முதுகில் இருந்த சிவப்பு ஓட்டையில் அடுத்த படத்தின் எண் தெரியும். ஐந்து தெரிந்த அன்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அத்தைக்கும் வந்திருக்க வேண்டும். ஆனால் நோட்டை எடுத்துப் பழைய கணக்கை அடித்துவிட்டுப் புதுக் கணக்குப் போட்டாள்.

நின்றுகொண்டு எடுப்பதுதான் தப்பு என்று அதில் விடை வந்தது. மறுநாள் கடலை பிடுங்கிய வெறுங்காட்டில் அவள் மல்லாக்கப் படுத்துக்கொண்டாள். கேமராவை வயிற்றின்மேல் வானம் பார்க்க வைத்து, கழுத்தை மட்டும் தூக்கிக் கண்ணாடியைப் பார்த்தாள். டகோட்டா வந்தது. அதே சமயம் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரும் கையில் தடியோடு ஓடிவந்தார். கல்யாணமாகாத பெண் பட்டப்பகலில் காட்டில் விழுந்து கிடந்தால் பாம்பைத் தவிர வேறென்ன காரணம் இருக்க முடியும்?

“ஏனுங்கம்மணி, எது கடிச்சுது?”

அத்தை கேமராவை முந்தானையால் மூடிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். “கட்டெறும்புங்க” என்றாள்.

“கட்டெறும்பு கடிச்சதுக்கா படுத்துட்டீங்க?”

“பெரிய எறும்புங்க” என்றேன் நான்.

பெரியவர் என்னை ஒரு தரம், அத்தையை ஒரு தரம் பார்த்தார். பிறகு அண்ணாந்து, தூரத்தில் சின்னதாகிக்கொண்டிருந்த பிளேனைப் பார்த்தார். தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பிப் போனார். அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா, காட்டில் எறும்பு ஜாஸ்தியா என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். மறுநாள் ஒரு பொட்டலம் எறும்புப்பொடி வாங்கி வந்து சமையற்கட்டு மேடையில் வைத்தார். அப்பாவை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று எனக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

ஆறாவதில் வால் மட்டும் அகப்பட்டிருக்கும் என்று அத்தை சொன்னாள். ஏழாவது நாள் காற்றே இல்லை. டகோட்டா வழக்கத்தைவிடத் தாழ்வாக, மெதுவாக, இரண்டு விசிறியும் வெயிலில் தகடுபோல் மின்ன வந்தது. பொத்தானை அமுக்கிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அத்தை எழுந்திருக்காமல் அப்படியே படுத்துக்கொண்டு சிரித்தாள். “விழுந்துருச்சு கண்ணு” என்றாள்.

சந்தோஷம் வீடு வந்து சேரும்வரைதான். சிவப்பு ஓட்டையில் எட்டு நின்றது. இனி ஒரே ஒரு படம்தான் பாக்கி.

காரமடைக்குப் போகிற பஸ்ஸில் அத்தை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். சோமனூரிலிருந்து மாமா வந்திருந்தார், அம்மாவின் தம்பி. தம்பியை மடியில் வைத்துக் காது குத்த வேண்டியவர். நாலு தறிக்குச் சொந்தக்காரர். போட்டோவுக்காகவே பட்டு ஜிப்பா தைத்து, இரண்டு மாதமாக மீசை வளர்த்திருந்தார்.

மொட்டை முடிந்து, சந்தனம் பூசி, அப்பா கேமராவை எடுத்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். ஓட்டை அவர் கண்ணில் படாமல் எதையாவது செய்து மறைக்க வேண்டும் என்பது என் திட்டம். எதையும் செய்வதற்குள் அவர் கேமராவைத் திருப்பிப் பார்த்துவிட்டார். துண்டின் முனையால் அந்தச் சிவப்புக் கண்ணாடியைத் துடைத்தார். இன்னொரு முறை பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, தூரத்தில் தேர் நிறுத்தும் தேர்முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தையைப் பார்த்தார். அடுத்து அவர் சொன்னது, எல்லோரும் நேராக நில்லுங்கள் என்பதுதான்.

காது குத்த ஆசாரி கம்பியை எடுத்தபோது ஒன்று. தம்பி வீறிட்டபோது ஒன்று. மாமா தனியாக ஒன்று, மாமா மீசையை முறுக்கி இன்னொன்று. பக்கத்தில் நின்ற எனக்கு அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. அப்பாவின் தடித்த விரல் ஒன்று லென்ஸை முழுக்க மூடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை அமுக்கிய பிறகும் பிலிமைச் சுற்றவும் இல்லை. இரண்டு பெரிய தப்பு. நான் அத்தையிடம் ஓடிப்போய்க் காதோடு சொன்னேன்.

“அப்பாவுக்கு எடுக்கவே தெரியல அத்தை. வெரல வெச்சு மூடிக்கிட்டே எடுக்கறாரு.”

அத்தை சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. பொங்கல் வைக்கிற அடுப்புப் புகை என்று எண்ணி நான் இந்தப் பக்கம் தள்ளி நிற்கச் சொன்னேன்.

ஏழு முறை ஆனதும் அப்பா, கடைசியாக எல்லோரும் சேர்ந்து ஒன்று என்றார். விரலை எடுத்துவிட்டு, “அம்மணி, நீ நடுவுல வந்து நில்லு” என்றார். என் வழியாகச் சொல்லவில்லை. அத்தை வந்து நின்றாள்.

பத்து நாள் கழித்துப் படங்கள் வந்தன. அவற்றைப் பார்ப்பதற்கென்றே மாமா பஸ் பிடித்து வந்தார். ஒன்றுதான் தேறியது, மற்றதெல்லாம் வெளிச்சம் பட்டுப்போயிற்று என்று அப்பா அவரிடம் சொன்னார். அந்த ஒன்றிலும் மாமா மீசைக்குக் கை கொண்டுபோனதில் பாதி முகத்தைக் காணோம். அவர் வைகாசி வெயிலைத் திட்டிவிட்டு, இரண்டு தம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார்.

மாமா போனபின் அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்து அத்தையிடம் நீட்டினார்.

“ஏழாவது நல்லா வந்திருக்குது அம்மணி.”

அத்தை வாங்கிப் பார்த்தாள். எங்கள் கூரை, நாலு வெறும் வானம், ஒரு வால். ஏழாவதில் டகோட்டா முழுசாக இருந்தது, கட்டெறும்பு அளவுக்கு. “அன்னைக்குக் காத்து இல்லீங்கண்ணா” என்றாள். பிறகு அந்த நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அப்பாவுக்கு ஒரு வரி புரிந்திருக்காது. கடைசிப் பக்கம் வரைக்கும் நிதானமாகப் புரட்டிப் பார்த்தார்.

அடுத்த மாதம் அப்பா அரைநாள் லீவு போட்டு அத்தையை டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பும்போது அத்தை கையில் காலேஜ் விண்ணப்பம் இருந்தது. என்னைக் கூட்டிப் போகாததற்காக நான் சாயங்காலம் வரை அழுதேன்.

அதற்கப்புறம் வெகுநாள், ஏரோப்பிளேன் போட்டோவை யாருக்குக் காட்டினாலும் நான் ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன்: எங்கள் அத்தைக்கு எல்லாம் எடுக்கத் தெரியும், அப்பாவுக்குத்தான் விரலை எங்கே வைப்பது என்று தெரியாது. அப்பா காதுபடவே சொல்லியிருக்கிறேன். அவர் ஒருமுறைகூட மறுத்ததில்லை.