இங்க இருட்டாக் கிடக்கு

பிள்ளைகளைப் பார்ப்பதற்காக என்னை எடுத்தார்களா, லைற்றைப் போடுவதற்காக எடுத்தார்களா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அது யூதப் பதின்வயதுப் பிள்ளைகளின் கோடைப் பயணம். மொன்றியலில் ஏறி, கிழக்கே கடல் தெரியும் மாகாணங்கள் வரை பஸ்ஸிலேயே போய்த் திரும்புவது. பெண்பிள்ளைகள் என் பொறுப்பு. அந்தப் பஸ்ஸில் யூதரல்லாத ஆட்கள் இருவர்தான், சாரதியும் நானும்.

வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லவே இப்போது எரிச்சலாக இருக்கிறது, என்றாலும் உண்மை. வளைவு ரோட்டில் வயிற்றைப் பிரட்டுகிறவளை முன்சீற்றுக்கு மாற்றுவேன். காலையில் முகம் திருப்பிய இருவரை மத்தியானச் சாப்பாட்டுக்குள் பேசவைப்பேன். ஒருத்தி மட்டும் யாரோடும் ஒட்டாமல் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். அவளைப் பக்கத்தில் இருத்தி, என் தங்கச்சி எனக்குச் செய்த அநியாயங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். கியூபெக் எல்லையைத் தாண்டுவதற்குள் அவள் வாய் திறந்துவிட்டாள், தங்கச்சி பக்கம்தான் நியாயம் என்று சொல்வதற்கு.

வெள்ளிக்கிழமை பொழுது படுவதற்கு முன் பஸ் எங்காவது நின்றுவிடும். பெரும்பாலும் விடுமுறைக்கு ஆளில்லாமல் கிடக்கும் கல்லூரி விடுதி ஒன்றில் தங்குவோம். மெழுகுவர்த்தி ஏற்றியதிலிருந்து சனி இரவு வரை சபாத், அவர்களுடைய ஓய்வுநாள். சுவிச்சைத் தொடமாட்டார்கள். அதைப் போடு என்று என்னிடம் கேட்கவும் கூடாது. ஆனால் நிலைமையைச் சொல்லலாம்.

“இங்க சரியான இருட்டாக் கிடக்கு,” என்பார் பயணத்தின் அமைப்பாளரான அம்மையார், சுவரைப் பார்த்து. நான் எழும்பிப்போய் லைற்றைப் போடுவேன்.

“அறை வெக்கையா இருக்கு.” குளிரூட்டியைப் போடுவேன்.

அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் என் காதில் எல்லாம் அம்மாவின் குரலில்தான் விழுந்தது. எங்கள் வீட்டிலும் ஒருவரும் ஒன்றையும் நேராகக் கேட்டதில்லை. “பால் முடிஞ்சுபோச்சுப் போல,” என்று அம்மா சொன்னால், பனியோ மழையோ, தெருமுனை டெப்பனர் கடைக்கு ஓடவேண்டும். “பிள்ளைக்குக் கார் ஓடத் தெரியுமல்லோ,” என்று மாமி சொன்னால் அவரைக் கோயிலுக்கு ஏற்றி இறக்கவேண்டும். இந்தப் பாடத்தில் நான் சின்ன வயதிலேயே தேறியவள். எனக்கு இதைப் பழக்கி எடுப்பது பெரும்பாடாக இருக்கும் என்று பயந்திருந்த அமைப்பாளர், முதல் வெள்ளியே அசந்துபோனார். “உனக்கு இதை ஆர் சொல்லித்தந்தது?” என்று கேட்டார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

திரும்பி வரும் வழியில் அவர் பஸ்ஸின் மைக்கைக் கையில் எடுத்தார். “அடுத்த கோடைக்கு மேற்குப் பயணம். அந்த பஸ்ஸுக்குத் தலைமை இவதான்,” என்று என்னைக் காட்டினார். இதை மட்டும் நேராகச் சொன்னார். பிள்ளைகள் சீற்றில் தட்டினார்கள். ஜன்னல்காரி விசிலடித்தாள்.

நான் நம்பினேன். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரி ஒன்றில் வழக்கமாகக் கிடைக்கும் கோடை வேலையை வேண்டாம் என்று சொன்னேன். அம்மா டெலிபோனை எடுத்தவர் வைக்கவேயில்லை. “என்ர மகள் அடுத்த வருசம் ஒரு பஸ்ஸுக்கே பொறுப்பு,” என்று லண்டன் வரை செய்தி போய்விட்டது.

முதல் பனி விழுந்த வாரம் அமைப்பாளர் கோப்பி குடிக்க வரச் சொன்னார். மெற்றோவுக்குப் பக்கத்துக் கடை. அம்மாவின் சுகம் விசாரித்தார். என் படிப்பை விசாரித்தார். பிறகு கோப்பையைச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தார்.

“தாய் தகப்பன் சிலபேர் கதைச்சவை,” என்றார். “காலமைப் பிரார்த்தனை இருக்கு, சபாத் இருக்கு. முன்னுக்கு நிக்கிறது எங்கட ஆளா இருந்தா அவைக்கு ஒரு நிம்மதி.”

அதோடு நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

அந்த நிறுத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு வெள்ளியும் அதைக் கேட்டுத்தான் எழும்பியிருக்கிறேன். இப்போதும் நான் எழும்பவேண்டும், “பரவாயில்லை, நானே விலகிறன்” என்று சொல்லவேண்டும். அப்படிச் சொன்னால் அவர் ஒன்றும் கேட்கவில்லை, எல்லாம் நானாகச் செய்தது என்று முடிந்துவிடும்.

அவர்கள் பக்கம் நியாயம் இருக்கலாம். அவர்களுடைய பிள்ளைகள், அவர்களுடைய பிரார்த்தனை. ஆனால் அவர் மைக்கைப் பிடிப்பதற்கு முன்பே அது தெரிந்திருக்குமே! நான் யூதப்பெண் இல்லை என்பதால்தான் வெள்ளிக்கிழமைகளில் என்னைத் தேடினார்கள். அதே காரணத்துக்காக இப்போது என்னை வேண்டாம் என்கிறார்கள்.

“விளங்கேல்லை,” என்றேன். “நான் என்ன செய்யோணும்?”

“உனக்கு விளங்கும்,” என்றார் மெதுவாக.

“இல்லை. நீங்கள் சொல்லுங்கோ.”

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. நேராகச் சொல்ல ஒரு தடையும் இல்லை.

அவர் முகம் சிவந்தது. “தலைமையை உனக்குத் தர ஏலாது,” என்றார் கடைசியில். “ஆனா முந்தின மாதிரிப் பிள்ளையளோட நீ வந்தால் எங்களுக்குச் சந்தோசம்.”

“லைற் போடவோ?”

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து இரங்க எனக்கு மனம் வரவில்லை, இப்போதும் வரவில்லை. மெர்சி என்று ஒரு நன்றியைச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பின்சீற்றுகள் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒரே கூச்சல். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி, அழுகையை அடக்கிக்கொண்டு நின்றேன். மலைச்சரிவில் பஸ் வளைந்தபோது, யாருக்கு வயிற்றைப் பிரட்டுகிறது என்று பழக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அவர்களில் ஒருவரும் என் பொறுப்பில் இல்லை.