பின்கதவு

தீ எச்சரிக்கை மணி அலறியதும் பிலோமினா தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு முன்வாசலுக்கு ஓடினாள். பின்னாலேயே அறுபது பெண்களும் ஓடினார்கள். வாசலில் வந்து நின்ற பிறகுதான் அவள் உள்ளே பார்த்தாள். அவள் மெஷினிலிருந்து பத்தடியில் இருந்த பின்கதவு இன்று திறந்திருந்தது. ஒருத்தியும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இங்கே தைக்கும் சட்டைகளை வாங்குவது ஐரோப்பிய நாடு ஒன்றில் உள்ள கம்பெனி. தைக்கிற இடத்தையும் அது சோதித்தாக வேண்டும் என்று அந்த நாட்டு அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. சோதிக்க வந்த அம்மாள்தான் மணியை அடிக்கச் சொன்னாள். பின்கதவின் பூட்டை அன்று காலையில்தான் கழற்றியிருந்தார்கள்.

அம்மாள் பிலோமினாவிடம் கேட்டாள். "பக்கத்துக் கதவ விட்டுட்டு ஏம்மா இங்க ஓடி வந்தீங்க?"

"ஆட்டு மந்தை மேடம் இவங்க. முன்னால ஒருத்தி போனா மத்ததும் போகும்" என்று சூப்பர்வைசர் சங்கரப்பா சிரித்தார். அவர் பார்வை பிலோமினாவின் கழுத்தில் தொங்கிய அட்டையின் நம்பரில் இருந்தது.

லிங்கராஜபுரத்திலிருந்து பதினோரு வருஷம் பஸ் ஏறி வந்த வேலை. பிலோமினா அட்டையைக் கையால் மூடிக்கொண்டாள்.

"அந்தக் கதவு திறந்து நான் பார்த்ததே இல்ல மேடம்."

அம்மாள் எழுதிக்கொண்டாள்.

மறுநாளும் பின்கதவில் பூட்டு இல்லை. பிலோமினாவின் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். பிலோமினாவைக் கூலி குறைவான நூல் வெட்டும் மேஜைக்கு மாற்றியிருந்தார்கள். எட்டரைக்கு வேலை தொடங்கியது.