இரண்டு கடிதங்களில் ஒரே முத்திரை

என் பெண்ணுக்கு அப்போது எட்டு மாதம். பி.காம். முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையரும் பாஸ் செய்திருந்த நான், பிள்ளையார்பாளையத்து வீட்டில் தூளியை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழந்தையை விட்டு வேலைக்குப் போக முடியாது. சும்மா இருக்கவும் பிடிக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருமுனையில் பிரவுசிங் சென்டர் வந்தது.

நான்கு கம்ப்யூட்டர், நடுவே பிளைவுட் தடுப்பு, மூலையில் எஸ்.டி.டி. போன். அதை நடத்தியவள் என்னைவிட இரண்டு வயது சின்னவள். எனக்கு மின்னஞ்சல் முகவரி உண்டாக்கிக் கொடுத்து, "இன்னா தேடணும், சொல்லுக்கா" என்றாள். வீட்டிலிருந்தே செய்கிற வேலை என்றேன். திரை முழுக்க வரிவரியாகக் கம்பெனிகள் வந்து நின்றன. எட்டுமுழ அகலத் தெருவில் உட்கார்ந்துகொண்டு உலகத்தின் கதவைத் தட்டிவிட்டதுபோல எனக்கு இருந்தது. மறுநாளே இரண்டு கம்பெனிகள் என் பெயர் போட்டுப் பதில் எழுதியிருந்தன. ஒன்று சென்னை, இன்னொன்று பெங்களூர். பழைய புத்தகப் பக்கங்களைப் பார்த்து டைப் செய்ய வேண்டும், நல்ல சம்பளம், சேர்வதற்கு மட்டும் முன்பணம். லெட்டர்பேட், கையெழுத்து, வட்ட முத்திரை எல்லாம் இருந்தன. இரண்டையும் பிரிண்ட் எடுத்து வீட்டுக்கு ஓடினேன்.

என் கணவர் புடவை டிசைனைக் கட்டம்போட்ட தாளில் பார்த்து, தறிக்கான அட்டைகளில் துளை போடுகிறவர். ஒரு துளை இடம் மாறினால் புடவை முழுக்க அந்தப் பிழை திரும்பத் திரும்ப விழும். ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவர். இங்கிலீஷ் தெரியாது. எந்தக் கம்பெனியில் சேரலாம் என்று கேட்கத்தான் கடிதங்களை நீட்டினேன். சோறு பிசைந்த கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே ஆளு பண்ணதும்மா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? பேரு வேற, ஊரு வேற."

"பேரு எனக்கு இன்னா தெரியும்? முத்திரையப் பாரு. வளையத்துல கீழ ஒரு எடம் உடைஞ்சிருக்குது. கையெழுத்து வால் வந்து மோதுற எடமும் ஒண்ணுதான். கையால குத்துறது ரெண்டு வாட்டி ஒரே மாதிரி விழாது. கொஞ்சமாச்சும் தள்ளும்."

ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தாள்மேல் இன்னொன்றை வைத்தேன். வட்டத்தின்மேல் வட்டம் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. வரிவரியாகப் படித்த நான் காணாததை, இங்கிலீஷ் எழுத்தே தெரியாத கண் கண்டிருந்தது. ஆனாலும் ஆசை விடவில்லை.

"ஒரே முதலாளிக்கு ரெண்டு கம்பெனி இருக்கக்கூடாதா?"

"இருக்கலாம். கேட்டுப் பாரு" என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை.

மறுநாள் காலை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிரவுசிங் சென்டரிலிருந்து சென்னைக்குப் போன் செய்தேன். மிக இனிமையான குரல்.

"நேர்ல வந்து பணம் கட்டுறேங்க."

"எதுக்கு மேடம் அலையணும்? பாங்குல டிடி எடுத்து அனுப்பிடுங்க. நாளைக்குக் கடைசி நாள்."

"அப்ப மொதல் சம்பளத்துல புடிச்சிக்கோங்க."

"ரூல்ஸ் இல்ல மேடம்."

"பெங்களூர் கம்பெனியும் உங்களதுதானா? முத்திரை ஒண்ணா இருக்குதே."

குரல் நின்றது. பிறகு லைனே இல்லை. மறுபடி அடித்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது.

கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, இதே லெட்டர இன்னும் ரெண்டு பேர் பிரிண்ட் எடுத்தாங்க. சின்னக் காஞ்சிபுரத்து மாமி ஒருத்தங்க இப்பத்தான் டிடியை ஜெராக்ஸ் எடுத்துக்கினு தபாலாபீசுக்குப் போறாங்க!"

கடையை அப்படியே போட்டுவிட்டு, குழந்தையையும் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் ஓடினோம். தபாலாபீசில் பதிவுத்தபால் வரிசையில் மூன்றாவதாக நின்றிருந்தார் அவர். கையில் ஒட்டிய கவர்.

"மாமி, அனுப்பாதீங்க!"

"நீங்க யாரு? இன்னிக்கு அனுப்பலேன்னா எடம் போயிடும்னு சொல்லியிருக்காளே!"

எனக்கு விளக்க வரவில்லை, மூச்சிரைத்தது. குழந்தையைக் கடைக்காரப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, கையோடு கொண்டுவந்த கடிதங்களை ஜன்னல் கம்பிமேல் ஒன்றாக வைத்துப் பிடித்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். வரிசை நகர்ந்தது, அவர் நகரவில்லை.

"அப்பா, எத்தனை பொறுமையா உக்காந்து பண்ணியிருக்கான்" என்றார் மெதுவாக. அன்று மதியமே டிடியை பாங்கில் ரத்து செய்தார்.

இன்னொருவரைத்தான் எங்களால் முந்த முடியவில்லை. எங்கள் பக்கத்துத் தெருக்காரர், கணவரை இழந்தவர். ஒரு மாதம் முன்பே பணம் அனுப்பியிருந்தார். வேலை வந்திருந்தது, முந்நூறு பக்கமும் அதே கடையில் உட்கார்ந்து அடித்து முடித்திருந்தார். தப்பு அதிகம், சம்பளம் கிடையாது என்று பதில் வந்ததாம். "நான்தான் சரியா அடிக்கல போலக்குது" என்றார். அத்தனை நாளும் தன்னையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்தப் பக்கங்களை அவரும் நானும் கடைக்காரப் பெண்ணும் மாமியுமாக நால்வரும் வரிவரியாக ஒத்துப்பார்த்தோம். அச்சிலேயே எழுத்துகளை வேண்டுமென்றே சிதைத்திருந்தார்கள். எண் ஒன்றா, இங்கிலீஷ் எல்-ஆ என்று யாராலும் சொல்ல முடியாதபடி. அவர் அடித்ததில் நாங்கள் கண்ட உண்மையான பிழைகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கின. அதைச் சொன்னதும் அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம், ஒன்றும் வரவில்லை.

பிறகு கடைக்காரப் பெண் இரண்டு கடிதங்களையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, முத்திரைகளைச் சிவப்பு மையால் சுழித்து வைத்தாள். வேலை தேடி வருகிறவர்கள் முதலில் அதைப் படிக்க வேண்டியிருந்தது. காலேஜ் பிள்ளைகளின் பிராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்கும் வேலை எனக்கும் பக்கத்துத் தெரு அம்மாவுக்கும் அங்கேயே கிடைத்தது. யாரும் முன்பணம் கேட்கவில்லை.

முதல் நாள் அந்த அம்மா அடிப்பதைப் பார்த்தேன். கண் தாளைவிட்டு எழவில்லை. பத்து விரலும் மழை பெய்வதுபோல இறங்கின. ஹையர் பாஸ் செய்த நான் என் வேலையை மறந்து அவர் பின்னாலேயே நின்றிருந்தேன்.