அம்மாவிடம் மிஞ்சிய ஒரு வார்த்தை

சென்ற ஆண்டு எங்களை விட்டுப் பிரிந்த அன்னையை நினைத்து இன்று கூடியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகனாகிய என் வணக்கம். இந்த நினைவு மலரில் அம்மாவின் நல்ல குணங்களை மட்டும் எழுதினால் போதும் என்று தம்பி கேட்டுக்கொண்டான். எழுதிப் பார்த்தேன், பாதி உண்மைதான் வந்தது. மீதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் உங்களுக்கு ஒரு விளக்கம் சொல்லவேண்டிய கடமை எனக்கு உண்டு.

அம்மா கோலா கெத்தில் அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பால்மரம் சீவப் போனவர். அப்பா சின்ன வயதிலேயே காலமாகிவிட, சீவின கையாலேயே எங்கள் இருவரையும் ஆளாக்கினார். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபின் பாடாங் செராய்க்குக் குடிவந்தோம். வெள்ளிக்கிழமை கூட்டு வழிபாட்டில் முதல் குரல் அம்மாவுடையதுதான். வீட்டில் கெட்ட வார்த்தை என்ற பேச்சுக்கே இடமில்லை. பள்ளியில் பொறுக்கிவந்த ஒன்றைத் தம்பி ஒருநாள் உளறிவிட, அவன் உதட்டில் மிளகாயைத் தேய்த்துவிட்டு அம்மாவே அடுப்படியில் உட்கார்ந்து அழுதார்.

ஒரு காலை தேநீர் ஆற்றும்போது அம்மாவின் வலக்கையிலிருந்து கிளாஸ் நழுவியது. கை மரத்துப்போயிருக்கும், தைலம் தேய்த்தால் சரியாகிவிடும் என்றேன், பெரிய மேதாவி போல. எதிர்வீட்டு அக்காதான் அம்மாவின் வாய் கோணியிருப்பதைக் கண்டு, இது பக்கவாதம், தைலமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், உடனே காரை எடு என்று விரட்டினார். அவர் விரட்டியதால் அம்மா பிழைத்தார்.

வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது என்றுதான் நினைத்தோம். வார்டுக்கு வந்த மாமா நலம் விசாரித்தபோது அம்மா வாயைத் திறந்தார். வந்தது ஒரு கெட்ட வார்த்தை, இங்கே அச்சிட முடியாத வார்த்தை. தண்ணீர் கேட்டாலும் அதுதான், என்னைக் கூப்பிட்டாலும் அதுதான். சொல்லிவிட்டு இடக்கையால் வாயைப் பொத்திக்கொள்வார், கண் கலங்கிவிடும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் எனக்குப் பொறுமையாக விளக்கினார்.

"ஆன்ட்டிக்கு நாம பேசுறது நல்லா வெளங்குதுலா. சொல்ல நெனைக்கிறது உள்ள இருக்கு, வார்த்தையாதான் வர மாட்டேங்குது. சில பேருக்குப் பாட்டு மிஞ்சும், சில பேருக்கு இந்த மாதிரி வார்த்தை மிஞ்சும். அதுக்காக ஒதுக்கி வச்சிராதீங்க. நாலு பேர் வந்து பேசணும்."

நன்றாகத் தலையாட்டினேன். அம்மா வீட்டுக்கு வந்ததும் அவர் அறைக் கதவைச் சாத்தினேன்.

கவனிப்பில் குறை வைக்கவில்லை. நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் கஞ்சி கொடுப்போம், புரையேறாமல் இடப்பக்கக் கன்னத்தில் ஊட்டுவோம். வேளை தவறாமல் புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் ஒரு புண்கூட வரவிடவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸ் மிஸ்ஸியே பாராட்டினார். அந்தப் பாராட்டை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். ஆனால் பார்க்க வந்தவர்களை மட்டும் வாசலோடு அனுப்பினேன். கோயில் ஆட்கள் முன்னால் அம்மா அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் மானம் போய்விடுமே என்ற பயம். அம்மாவின் மானம் என்றுதான் அப்போது சொல்லிக்கொண்டேன்.

என் மகளின் திருமணத்துக்கும் அம்மாவை அழைத்துப் போகவில்லை, எதிர்வீட்டு அக்காவின் துணையில் விட்டுவிட்டுப் போனோம். அலோர் ஸ்டாரிலிருந்து வந்த சின்னம்மா, அம்மாவின் ஒரே தங்கை, மண்டபத்தில் தன் அக்காவைக் காணாமல் என்னைத் தனியே இழுத்துப்போய்க் கேட்டார். நான் தயங்கித் தயங்கி அந்த வார்த்தையைக் காதோடு சொன்னேன். சின்னம்மா சிரிக்கவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை.

"அது அவ வார்த்தையாடா? காலையில பெரட்டுல வேலைக்குப் பேர் கொடுக்கப் போனா, வேலை வாங்குற மண்டோர் அவள அப்படித்தான் கூப்பிடுவான். எத்தன வருசம் கேட்டா தெரியுமா? உங்க முன்னால ஒருநாள் வாய விட்டுருப்பாளா? அவன் வெக்கப்படணும்டா. நீ எதுக்கு எங்கக்காவப் பூட்டி வச்சிருக்க?"

கூனிக் குறுகிப்போனேன்.

சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் மணமக்களையும் சம்பந்தி வீட்டாரையும் நேரே வீட்டுக்கு அழைத்துவந்தேன். கதவை நானே திறந்துவிட்டேன். மகள் காலில் விழுந்தாள். அம்மா இடக்கையால் திருநீறு எடுத்து அவள் நெற்றியில் பூசி, எல்லார் முன்னாலும் அதே வார்த்தையைச் சொன்னார். சொல்லிவிட்டு வழக்கம்போல் வாயைப் பொத்தப் போனார். மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "சரி பாட்டி, நல்லா இருப்போம்" என்றாள். சம்பந்தியம்மா அடுத்து வந்து குனிந்தார்.

அதன்பிறகு கதவைச் சாத்தவில்லை. ஆனால் அம்மாவுக்கு நாள் அதிகம் இல்லை. சளி நெஞ்சில் கட்டி, சின்னம்மாவின் மடியில் அமைதியாக அடங்கினார்.

காரை எடுக்கச் சொல்லி விரட்டிய எதிர்வீட்டு அக்காவுக்கும், வார்டு மிஸ்ஸிகளுக்கும், பேச்சுப் பயிற்சி தந்த பெண்ணுக்கும், சின்னம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடைசியாக, பிஸ்கட் டின்னும் ஆப்பிளுமாக அம்மாவைப் பார்க்க வந்த உங்களுக்கு. "அம்மா இப்பதான் தூங்குனாங்க" என்று சொல்லி உங்களை வாசலோடு திருப்பி அனுப்பினேன். மன்னித்துக்கொள்ளுங்கள். அம்மா தூங்கவில்லை. உள்ளேயிருந்து உங்கள் ஒவ்வொருவர் குரலையும் கேட்டுக்கொண்டிருந்தார்.