கடைவாய்ப் பல்லும் காதுகுத்தும்

போன ஆவணி மாதம் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் என் அக்கா வீட்டில் ஆரம்பித்தது இது. நான் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரன். போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர் வேலை. வருடத்தில் பாதிக்கு மேல் வடக்கே ஏதாவது ஒரு காட்டில் துளை போட்டுக்கொண்டிருப்பேன். அங்கே மழை பிடித்துவிட்டால் வேலை நின்றுவிடும், எங்கள் வண்டிகளெல்லாம் ஒவ்வொன்றாக ஊர் திரும்பும். கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு எல்லாவற்றையும் எங்கள் வீடுகளில் அந்த இடைவெளிக்குள்தான் வைத்துக்கொள்வார்கள். அக்கா மகளின் காதுகுத்துக்கும் என் வண்டி வந்து சேரும் நாளைக் கேட்டுவிட்டுத்தான் நாள் குறித்திருந்தார்கள்.

காரணம் இருக்கிறது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். மாமன் இல்லாமல் பந்தல் போடலாம், கிடா பிடிக்கலாம், காது மட்டும் குத்த முடியாது. இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்கு இருக்கிற மரியாதை மந்திரிக்குக் கூடக் கிடையாது.

பாப்பாவுக்கு அப்போது ஐந்து வயது. பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு புண்ணியவதி, ஊசி ஒரு பக்கம் போய் மறு பக்கம் வரும், ரத்தமாகக் கொட்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அன்றிலிருந்து காதைப் பொத்திக்கொண்டே தூங்குகிறாள் என்று அக்கா போனில் அழாத குறையாகச் சொன்னாள். நான் வீடியோ காலில் அவளைக் கூப்பிட்டேன். "ஒண்ணுமே வலிக்காது சாமி. எறும்பு கடிக்கற மாதிரித்தான். நீ மாமன் மடியில உக்காந்துக்கோ, நான் பாத்துக்கறேன்" என்று மார்தட்டினேன். அவளும் சரி என்றாள்.

அப்படி வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்த வாயில், இடது பக்கம் கீழே கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகிக் கிடந்தது.

ரிக்கில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். ராத்திரி ஓட்டத்தில் தூக்கம் வரக் கூடாது என்று பாகு மாதிரி டீ குடித்துக்கொண்டே இருப்போம். காலையில் பல் தேய்ப்பதே நேரம் இருந்தால்தான். முதலில் டீ பட்டால் சுரீர் என்றது. கிராம்பு வைத்தேன். அப்புறம் வலி மாத்திரை. அதற்கும் கேட்காமல் ஒரு வாரம் உயிரை எடுத்தது. பிறகு ஒரு நாள் தானாகவே வலி நின்றுவிட்டது. உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொண்டது என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

ஆனால் ஓட்டை அப்படியேதான் இருந்தது. சாப்பிடும்போதெல்லாம் சோறு போய் அடைத்துக்கொண்டது. ரிக்காரன் கண்ணில் ஓட்டை பட்டால் என்ன செய்வான்? வண்டியில் குழாய்க் கசிவுக்கு வைக்கிற பசை இருந்தது. இரண்டு நிறத்தில் வரும், சேர்த்துப் பிசைந்தால் இறுகும். பல்லைத் துணியால் துடைத்துவிட்டு, ஒரு மிளகளவு உருட்டி உள்ளே வைத்து விரலால் அழுத்திவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிட்டது. எங்கள் வண்டிச் சமையல்காரர் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு போட்டு உடுங்ணா" என்று தன் பல்லையும் காட்டினார். நல்லவேளை, பசை தீர்ந்துபோயிருந்தது.

காதுகுத்து ஞாயிற்றுக்கிழமை. வேலைகளுக்கு ஒத்தாசையாக வியாழக்கிழமையே அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். பல்லை நானே அடைத்த கதையை அன்று சாயங்காலமே எல்லாருக்கும் பெருமையாகச் சொல்லி முடித்தேன். வெள்ளிக்கிழமை காலை எழுந்தால் இடது கன்னம் கண்ணை மறைக்கிற அளவுக்கு வீங்கிப்போயிருந்தது. வாயைப் பாதிதான் திறக்க முடிந்தது.

"ஏந் தம்பி, மூஞ்சி இப்பிடி ஊதிக் கெடக்குது? தேனீ கீனி கொட்டிருச்சா?" என்றாள் அக்கா.

ஆமாம் என்றேன். மூடின ஜன்னலுக்குள் தேனீ எப்படி வந்தது என்று கேட்டாள். அவள் விடவில்லை. தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏற்காடு ரோட்டில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார், உடனே போகலாம் என்று சாவியை எடுத்தாள். விசேஷம் முடியட்டும், திங்கட்கிழமை பார்க்கலாம் என்று நழுவினேன். அவள் அதட்டினாள். அந்த அவசரத்தில் என் வாய் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"அங்க ஊசி போடுவாங்களா?"

அக்கா சிரிக்கவில்லை. கதவோரம் நின்றிருந்த பாப்பா கேட்டாள். "மாமா, உங்களுக்கு ஊசின்னா பயமுங்களா?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், தீர்ப்பு வந்துவிட்டது. "அப்ப நானும் காது குத்திக்கமாட்டேன். மாமா ஊசி போட்டுக்கிட்டாத்தான் நானு" என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். என்ன கெஞ்சியும் வெளியே வரவில்லை.

பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. அக்கா வீட்டுக்காரர் பக்கத்துச் சொந்தமெல்லாம் கோயிலுக்கு வரப்போகிறார்கள். குழந்தை அங்கே கத்தி ஓடினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாமன் சொன்னது பொய் என்று ஒரு ஐந்து வயதுக் குழந்தை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டதுதான் எனக்கு உறைத்தது. "வா சாமி, ரெண்டு பேருமே போலாம்" என்றேன். கட்டிலுக்கு அடியிலிருந்து தலை மட்டும் எட்டிப் பார்த்தது.

அக்கா ஸ்கூட்டர் ஓட்ட, நடுவில் பாப்பா, பின்னால் மீசையும் வீங்கின கன்னமுமாக நான். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் என்னையே பார்த்தார். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பல்லைப் படம் எடுத்துக் கம்ப்யூட்டர் திரையில் போட்டுப் பார்த்தார். பிறகு வாய்க்குள் கண்ணாடியை விட்டு, எதையோ தட்டித் தட்டிப் பார்த்தார்.

"ஏனுங்ணா, இந்தப் பல்ல இதுக்கு முன்னாடி எங்கீங்க அடைச்சீங்க? இது என்ன மெட்டீரியல்னே தெரியலீங்களே."

பாப்பாதான் முன்னால் வந்தாள். "எங்க மாமாவே அடைச்சாருங்க டாக்டர். பைப்புக்கு வெக்கற பசைங்க. ரெண்டு கலரா இருக்குமுங்க."

டாக்டர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் பிடித்தார் பாருங்கள் ஒரு பிடி! வலி நின்றது பல் குணமானதால் இல்லையாம். உள்ளே நரம்பு செத்துப்போனதால் நின்றிருக்கிறது. கிருமி மட்டும் சாகாமல் வேருக்குள் இறங்கிச் சீழ் பிடித்திருக்கிறது. அது வெளியே வர இருந்த ஒரே வழியையும் நான் கல் மாதிரி அடைத்து வைத்திருக்கிறேன். போக இடமில்லாமல் தாடைக்குள் இறங்கிவிட்டது. "இது கழுத்துக்கு எறங்குச்சுன்னா மூச்சே அடைச்சுக்குமுங்ணா. இன்னும் ரெண்டு நாள் தள்ளியிருந்தீங்கன்னா உங்கள ஆஸ்பத்திரிலதான் சேத்தியிருக்கோணும்" என்றார்.

எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. கம்ப்ரஸர் ஓடும்போது காற்று போகிற வழியை அடைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவன் நான். எத்தனையோ பேரை அந்தக் குழாய் பக்கம் நிற்காதே என்று விரட்டியிருக்கிறேன். ஆழம் பார்ப்பதையே தொழிலாக வைத்துக்கொண்டு, சொந்தப் பல்லில் ஆழம் தெரியாமல் காலை விட்டிருக்கிறேன்.

ஊசியை எடுத்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சின்னதாக ஒரு கை வந்து என் கட்டை விரலைப் பிடித்தது. "எறும்பு கடிக்கற மாதிரித்தானுங் மாமா இருக்கும்." என் வசனத்தை எனக்கே திருப்பிக் கொடுத்தாள். எறும்பெல்லாம் இல்லை, கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனால் நான் பயந்து வைத்திருந்த வலியில் அது கால்வாசி கூட இல்லை. சிறிது நேரத்தில் பாதி உதடு எனக்குச் சொந்தமில்லாததுபோல ஆகிவிட்டது.

அப்புறம் டிரில். எத்தனையோ ஊரில் பாறையைக் குடைந்தவன், ஒரு நெல் அளவுகூட இல்லாத அந்த முனைக்கு நடுங்கினேன். சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. முதலில் கீச்சென்று கத்தியது. என் பசையில் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு சத்தம் மாறியது. அடுத்த நொடி தாடையிலிருந்து ஏதோ கழன்று வெளியேறினதுபோல இருந்தது. அப்படி ஒரு நிம்மதி! காலையிலிருந்து மண்டைக்குள் தட்டிக்கொண்டிருந்தது சட்டென்று அடங்கிவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினேன்.

அதைப் பார்த்துவிட்டுப் பாப்பா ஆவலாகக் கேட்டாள்: "மாமா, தண்ணி வந்துருச்சுங்களா?"

ரிக்கார வீட்டுப் பிள்ளை, வேறு என்ன கேட்பாள்? டாக்டர் கருவியை என் வாயிலிருந்து வெளியே எடுத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்று சிரித்தார். நர்ஸ் சிரித்தார். அக்கா நாற்காலியில் சாய்ந்து சிரித்தாள். எனக்கும் பாதி முகம் சிரித்தது.

மாத்திரை எழுதிக் கொடுத்து, வேரைச் சுத்தம் செய்து முடிக்க இன்னும் சில முறை வர வேண்டும், கடைசியில் பல்லுக்கு மேல் தொப்பி போட வேண்டும் என்றார் டாக்டர். பல்லைப் பிடுங்க வேண்டியதில்லை என்றதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. நாற்காலியைவிட்டு நான் இறங்கியதும், யாரும் சொல்லாமலே பாப்பா ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தாள். அவளுக்கும் இரண்டு பல்லில் கறுப்பாகச் சின்னப் புள்ளி. விழுந்து முளைக்கிற பல்தானே என்று அக்கா இழுத்தாள். அடுத்து வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதே பால் பல்தான், சின்னதாக இருக்கும்போதே அடைத்துவிட்டால் குழந்தை வலி தெரியாமல் வளரும் என்றார் டாக்டர். ராத்திரி தூங்கும் முன் பெரியவர்கள் கையால் தேய்த்துவிட வேண்டும், நாள் முழுக்க மிட்டாயைச் சப்ப விடக் கூடாது என்றும் சொன்னார். இவ்வளவு மிட்டாய் யார் வாங்கித் தருவது என்று கேட்டபோது பாப்பாவின் விரல் நேராக என்னைக் காட்டியது.

டாக்டர் என்னிடம் திரும்பினார். "உங்க வண்டிக்கு எத்தன நாளைக்கு ஒருக்கா கிரீஸ் அடிப்பீங்ணா?"

"தெனமுங்க."

அவர் ஒரு புதுப் பல் பிரஷ்ஷை எடுத்து என் கையில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, பரமத்தி வேலூர் பக்கம் காவிரிக் கரையோரம் அக்கா வீட்டுக்காரரின் குலதெய்வக் கோயில். வீக்கம் வடிந்து என் முகம் ஓரளவு பழைய முகமாகியிருந்தது. பாப்பாவுக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசி, பட்டுப் பாவாடையோடு கொண்டுவந்து என் மடியில் உட்கார வைத்தார்கள். காது குத்தும் பத்தர் ஊசியை எடுத்துக்கொண்டு குனிந்தார். அவள் ஊசியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

எறும்பு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "வலிக்குஞ் சாமி. கொஞ்ச நேரந்தான், அப்பறம் போயிரும். மாமனுக்கும் வலிச்சுது" என்றேன்.

அவள் யோசித்தாள். என் கட்டை விரலை இறுகப் பிடித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாயை 'ஆ'வென்று முழுசாகத் திறந்தாள்.

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "காதுதாங் கண்ணு குத்தப்போறேன், வாய மூடிக்கோ" என்றார் பத்தர். அவள் மூடவில்லை. ஊசி போட்டுக்கொள்ள அதுதான் முறை என்று அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். விஷயம் தெரிந்த அக்கா சிரித்த சிரிப்பில் தாம்பாளத்தில் இருந்த பூவெல்லாம் கீழே கொட்டியது. ஊசி இறங்கியபோது, திறந்திருந்த வாயிலிருந்து ஒரே ஒரு வீறல். அதற்குள் தோடு ஏறிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடுத்த காதைத் தானாகவே திருப்பிக் காட்டினாள். நான் அழுததை யாரோ போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்கள். பல்வலி என்று சொல்லிச் சமாளித்தேன்.

இப்போது எங்கள் வண்டியில் எல்லாருக்கும் பல் துலக்க இரண்டு வேளையும் நேரம் உண்டு. சமையல்காரர் பல்லையும் டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. ஊர் திரும்பினால், வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்ட கையோடு நானும் போய் வாயைக் காட்டிவிடுகிறேன். ஆனாலும் அந்த ஆவணியில் எனக்கு மிச்சமானது ஒரு பல் மட்டும் இல்லை. வலிக்காது என்று நான் சொன்னதை நம்பாமல் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்ட குழந்தை, வலிக்கும் என்று சொன்னதும் என் மடியில் உட்கார்ந்து காதைக் கொடுத்தாள். அதனால் இப்போதெல்லாம் யாருக்குத் தைரியம் சொல்லப் போனாலும், முதலில் உண்மையைச் சொல்லிவிட்டுப் பிடித்துக்கொள்ள என் விரலை நீட்டுகிறேன்.