அழாத பெண்ணின் படம்

எங்கள் பத்திரிகையில் பக்கங்களை வடிவமைப்பது என் வேலை. எங்கள் புகைப்படக்காரரை எல்லோரும் ‘காலியிடம் அக்கா’ என்றுதான் சொல்வோம். ஆளை ஒரு மூலையில் வைத்துவிட்டு, மீதிப் படம் முழுக்க வானமோ சுவரோ தெரியும்படி எடுப்பார். இவ்வளவு இடத்தையும் வாடகைக்கு விடலாமே என்று ஆசிரியர் கிண்டலடிப்பார். அக்கா சிரிக்கமாட்டார். சுற்றி இருக்கிறதைப் பார்த்தால்தான் அந்த ஆள் என்ன பாடுபடுகிறார் என்று தெரியும் என்பார். பத்தொன்பது வருடம் அப்படியே எடுத்தார். பத்தொன்பது வருடமும் நாங்கள் அந்தக் காலியிடத்தை வெட்டினோம்.

அந்த வருடம் நூற்பாலை ஒன்றில் துப்புரவு வேலை பார்த்த நாற்பது பெண்களை ஒரே நாளில் நிறுத்தினார்கள். மறுநாள் ஆலை வாசலில் உட்காரப்போவதாக அவர்கள் சொல்லியிருந்தார்கள். அக்கா போனபோது ஒரே ஒருத்திதான் இருந்தாள். மற்றவர்களை ஆலை ஆட்கள் வீடு வீடாகப் போய் மிரட்டியிருந்தார்கள்.

அக்கா எதிர்ப்பக்கக் கடையின் படியேறி நின்று எடுத்தார். படத்தின் அடியில், வலது ஓரத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு அந்தப் பெண் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மற்றதெல்லாம் ஆலைச் சுவர். பார்த்ததும் எனக்கு அந்தச் சுவரைக் கண்டு பயம் வந்தது. இன்னும் கொஞ்சம் பார்த்தபோது, இவள் லேசில் எழுந்து போகிறவள் இல்லை என்று தோன்றியது.

ஆசிரியருக்கு முகம் வேண்டும்.

“சுவத்தையா ஜனங்க பாக்கப்போறாங்க? வெட்டுப்பா.”

வெட்டினேன். முகத்தைப் பெரிதாக்கினேன்; அக்கா எடுத்த படம் அவ்வளவு துல்லியம். ஈரமான கண்ணும் சுருங்கிய நெற்றியும் பக்கத்தை நிறைத்தன. ‘கண்ணீரில் ஒரு தாய்’ என்று ஆசிரியர் தலைப்பு வைத்தார்.

மறுநாள் மத்தியானம் பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்தபடி அந்தப் பெண் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

“நான் எங்கங்க அழுதேன்? வெயில் கண்ணுல அடிச்சுது. எனக்குப் புள்ளையே கிடையாது, தாயாம். இதைப் பாத்துட்டு ஆலை மேனேஜர் பாவம்னு சொல்லி ஒரு மூட்டை பழைய துணி அனுப்பியிருக்கார்.”

என்னால் தலை நிமிர முடியவில்லை. அக்கா அவளை உட்காரவைத்து முழுப் படத்தையும் கணினியில் காட்டினார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“இதுதான் நான். எம்மாம் பெரிய சுவரு. அப்பவும் நான் நகரல பாருங்க.”

நாளைக்கு இதை முழுசாகப் போடவேண்டும் என்று அக்கா ஆசிரியரிடம் கேட்டார். வந்தது வந்ததுதான் என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா அன்றைக்கே படத்தை ஆள் உயரத்துக்கு அச்சடித்து, அந்தப் பெண்ணோடு போய் ஆலை கேட்டில் கட்டினார். கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்தவன் நான். காவலாளி அவிழ்த்துப் போட்டார். மறுபடி கட்டினோம்.

மூன்றாம் நாள், வேலை போனவர்களில் இரண்டு பெண்கள் வந்தார்கள். படத்தின் முன்னால் நின்றார்கள். அவர்களில் மூத்தவள் படத்தில் சுவரோரத்தில் வெறுமையாகக் கிடந்த தரையைத் தொட்டுக் காட்டினாள்.

“நாம வரலைங்கிறது எப்படித் தெரியுது பாருடி.”

அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். வாரக் கடைசியில் இருபத்தாறு பேர் இருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து ஆலை இறங்கிவந்தது. முதலில் உட்கார்ந்தவளை மட்டும் மன்னிப்புக் கேட்டால்தான் சேர்ப்போம் என்றார்கள். அவள் கேட்கவில்லை. இப்போது ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே மேற்பார்வையாளருக்கு அவளைக் கண்டால் கிலி என்று கேள்வி.

படத்தை ஆலை கேட்டில் கட்டியதற்காக ஆசிரியரும் அக்காவிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டார். அக்கா ஒரே வரி எழுதிக் கொடுத்தார்: ‘பத்தொன்பது வருடம் வெட்டவிட்டதற்கு வருந்துகிறேன்.’ அன்றோடு வேலை போயிற்று. இப்போது தனியாக எடுக்கிறார். ஓரத்தில் ஒரு நூல்கூட வெட்டக்கூடாது என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்கிறார். சிலர் முகம் சுளித்துத் திரும்பிவிடுகிறார்கள். போனால் போகட்டும் என்கிறார்.