நூற்றிருபதின் இடது கை

ரத்தக்கொதிப்புக் கருவிகளைப் பழுது பார்ப்பவரை அந்தப் பக்கத்தில் எல்லோரும் நூற்றிருபது என்றே அழைத்தார்கள். கேலிக்கு வைத்த பெயர் இல்லை. அவரது இடது கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து இறக்கினால் முள் நூற்றிருபதில் வந்து நிற்கும். இருபத்தைந்து வருடங்களாக அப்படித்தான். காற்றடிக்கும் ரப்பர் பந்தை அமுக்க வலது கை வேண்டியிருந்ததால் இந்த உத்தியோகம் இடது கைக்குப் போயிற்று. சுற்று வட்டாரத்தில் பழுதாகும் கருவி எதுவும் அந்தக் கையிடம் பரீட்சை எழுதாமல் வெளியே போனதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க உதவிய பாதரசத் தூண் கருவியை எல்லா இடத்திலும் ஒழித்துக்கட்டியபோதுகூட அவர் கலங்கவில்லை.

"இனி எதோட ஒப்பிட்டுப் பாப்பீங்க?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். நூற்றிருபது சட்டைக் கையை மடித்துக் காட்டினார்.

பதினோரு வருடங்களுக்கு முன்பு அவருக்குத் தோல் இறுகும் நோய் வந்தது. மருத்துவர்கள் ஸ்க்ளீரோடெர்மா என்றார்கள். விரல்கள் பளபளத்து மடங்க மறுத்தன. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் வெளுத்து, பிறகு நீலமாகும். அதனால் தண்ணீர் எடுக்கக் கையுறை போட்டுக்கொண்டார். வாய் சிறுத்துப்போய்க் குழந்தைக் கரண்டியில் சாப்பிட்டார். முகத்தில் இருந்த சுருக்கமெல்லாம் இழுபட்டு மறைந்ததில் பத்து வயது குறைந்தது. எதிர்வீட்டுப் பெண், "அண்ணே, என்ன கிரீம் போடுறீங்க, எனக்கு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டாள். அவர் வியாதியின் பெயரைச் சொன்னார். அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவள் கேட்டாள்.

இரண்டு வருடங்களாகக் கருவிகள் சோம்பேறிகளாகிவிட்டன. இடது கையில் எதை மாட்டினாலும் தொண்ணூறு. காதுக்குழாயில் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் வந்தது. குழாயை மாற்றினார். பிறகு மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரத்தை முடுக்கினார். முள் நூற்றிருபதுக்கு வரும்வரை விடவில்லை. புதிதாக வந்த கருவிகளையும் அவரிடம் கொடுத்துத் திருத்தி வாங்கினார்கள்.

ஊரில் கொதிப்பு பரவியது. சாதுவான தபால்காரருக்கு நூற்றறுபது. காலையில் ஓடப் போகிற பெண்ணுக்கு நூற்றைம்பத்தைந்து. பாதிப் பேர் உப்பை நிறுத்தினார்கள், மீதிப் பேர் மாத்திரை போட்டார்கள். மாத்திரை போட்டவர்கள் தலை சுற்றுகிறது என்று திரும்பி வந்தார்கள். அளந்தால் அப்போதும் நூற்றைம்பது. இன்னும் அரை மாத்திரை சேர்ந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டுநரை இருக்கையிலிருந்து இறக்கிப் பேருந்து கழுவ விட்டார்கள். ஊரிலேயே கொதிப்பில்லாத ஒரே ஆள் நூற்றிருபதுதான். அவரைக் கண்டு பொறாமைப்பட்டார்கள்.

அப்படியிருக்கும்போது அவரது இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் நுனியில் புண்ணாகி, கறுக்கத் தொடங்கின. மூன்று மாதம் களிம்பு போட்டார். ஆறவில்லை.

"இந்த வியாதின்னா விரல்ல புண்ணு வரத்தான் செய்யும்" என்றார்.

"அதுக்கு வலது கை மேல மட்டும் என்ன பாசம்?" என்றாள் மனைவி. "ரெண்டு கையும் உங்களோடதுதானே? கிளம்புங்க."

மருத்துவமனையில் டாக்டரம்மா புண்ணைப் பார்த்தார். இப்படியே போனால் இரண்டு விரலையும் எடுக்க வேண்டிவரும் என்றார். மணிக்கட்டில் நாடி தேடினார். கிடைக்கவில்லை. பட்டையைச் சுற்றி அளந்தார். நூற்றிருபது.

"மெஷின் ரத்த ஓட்டம் நல்லாருக்குன்னு சொல்லுது" என்றார். "என் விரல்தான் மரத்துப்போச்சு போல." வேறொரு களிம்புக்குச் சீட்டு எழுதினார்.

"அந்தக் கையிலயும் ஒரு தடவை போட்டுப் பாருங்க" என்றாள் மனைவி.

வலது கையில் நூற்றெழுபத்துமூன்று.

"பயத்துல ஏறியிருக்கும். இங்க யாருக்கு ஏறல?" என்று டாக்டரம்மா அதே சீட்டில் உப்பு கூடாது என்று சேர்த்தார்.

நூற்றிருபது முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கைக்கும் ஒரே இதயம்தான் என்பது கருவியின் மூடியைக் கழற்றாமலே புரிந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தால் பெயர் தப்பும், விரல் போகும். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே முப்பது கொதிப்புக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"டாக்டரம்மா, மெஷின் தப்பு" என்றார்.

"நீங்கதானே சரி பாத்தீங்க?"

"அதான் தப்பு. என் கை கெட்டுப்போச்சு. அது தெரியாம மெஷினை எல்லாம் திருத்திட்டேன்."

டாக்டரம்மா காதுக்குழாயைக் கழற்றி மேசையில் வைத்தார். "எட்டு மாசமா நானும் உப்பில்லாம சாப்பிடுறேன்" என்றார் பிறகு.

கதவு முழுசாகத் திறந்தது. பேருந்து ஓட்டுநர் முதலில் வந்தார். "படிக்கல்லுலயே கோளாறை வச்சுக்கிட்டு எங்களை எடை போட்டீங்களாண்ணே! வாளியும் துடைப்பமுமா ஆறு மாசம்!" என்று கத்தினார். கத்தினால் கொதிப்பு ஏறும் என்று யாரோ தடுத்தார்கள். "எனக்குத்தான் கொதிப்பே இல்லையே!" என்று இன்னும் பலமாகக் கத்தினார். கூட்டத்துக்குள் புகுந்து வந்த ஓர் அம்மாள் நூற்றிருபதின் காதருகே குனிந்தாள். "எனக்கு இல்லைங்கிறது என் மருமக காதுக்குப் போக வேண்டாம் தம்பி. இப்பத்தான் கொஞ்சம் அடங்கியிருக்கா."

அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அவர் விரல் படாத கருவி அங்கே இருந்தது. வலது நூற்றுமுப்பது, இடது தொண்ணூறு. படம் எடுத்தார்கள். கழுத்தெலும்புக்கு அடியில் இடது கைக்குப் போகும் பெரிய தமனி நூல் போல் சுருங்கியிருந்தது.

"இந்த வியாதி சின்னக் குழாயைத்தான் கெடுக்கும்னு எல்லாரும் விரலையே பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க" என்றார் அங்கிருந்த நிபுணர். "சில பேருக்குப் பெருசும் அடைக்கும். நாளைக்கே திறந்துடலாம்."

தொடை வழியாகக் கம்பியை விட்டு, அடைத்த இடத்தில் பலூனை ஊதி, ஸ்டென்ட் வைத்தார்கள். சுண்டுவிரல் நுனி தேறாது என்றார்கள். மற்றதெல்லாம் தேறலாம்.

மறுநாள் காலை மனைவி படுக்கையோரம் உட்கார்ந்து அவரது இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். மோதிரவிரல் சிவந்து எரிந்தது. அந்த எரிச்சல் அவருக்குப் பிடித்திருந்தது. விறைத்த தோலின் மேல் அவள் விரலை இப்படி அப்படி நகர்த்தி, ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இருக்கா?" என்றார்.

அவள் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இருக்கா இல்லையா? எவ்வளவு? முள்ளு எங்க நிக்கும்னு தோணுது?"

"பேசாம கிடங்க" என்றாள். "எண்ணிக்கிட்டிருக்கேன்."